கறிவேப்பிலைப் புழுவை விட்டுவிடுங்கள்

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடற்கரையோரம் வீடு. பின்புறம் ஒரு சென்ட் மணல் நிலம். ரோஜா வைத்தேன், கருகிவிட்டது. குரோட்டன்ஸ் செழிப்பாக இருக்கிறது, ஆனால் ஒரு வண்ணத்துப்பூச்சிகூட எட்டிப் பார்க்கவில்லை. என்ன நடலாம்?

பதில்: ரோஜாவுக்கு உப்புக்காற்று ஆகாது, உங்கள் மேல் தவறில்லை. குரோட்டன்ஸ் நம் வண்ணத்துப்பூச்சிகளுக்கு வர்ணம் பூசிய சுவர் மாதிரிதான்.

எல்லோரும் பூவைப் பற்றியே கேட்கிறார்கள். தேன் குடிக்க வரும் பூச்சி குடித்ததும் போய்விடும். முட்டையிட இலை இருந்தால்தான் சுற்றிச்சுற்றி வரும். அதுவும் ஒவ்வொரு இனத்துக்கும் அதற்கேற்ற செடி வேண்டும். வேலியோரம் ஓர் எருக்கு வளரட்டும். வீட்டில் எருக்கா என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், சமாளியுங்கள். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி அதன் இலையில்தான் முட்டையிடும். எருக்கம்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கறிவேப்பிலை, எலுமிச்சை இலைமேல் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் நசுக்கிவிடாதீர்கள். ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்புகள் நீண்டு, ஒரு நெடி வரும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு அது, வளர்ந்ததும் பச்சையாகிவிடும். குழம்புக்கு நாலு இலை குறைந்தால் குறையட்டும், மருந்து அடிக்காதீர்கள். பறவைகள் குஞ்சுக்கு ஊட்டுவதும் பெரும்பாலும் புழு பூச்சிகளைத்தான்.

மணலுக்கு ஆவாரை நன்றாக வரும். அதன் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் நுனியில் மட்டும் துளையுள்ள மகரந்தப் பைக்குள் அடைந்திருக்கும். கருவண்டு போன்ற பெரிய தச்சுத் தேனீ பூவைக் கட்டிக்கொண்டு உடம்பை அதிரவைத்து அதை உதிர்க்கும். காலையில் அருகில் நின்றால் அந்த ரீங்காரம் காதில் விழும். அது மரத்தைக் குடைந்து கூடு வைப்பது, ஆகவே பட்ட கிளை ஒன்றை மூலையில் போட்டுவையுங்கள்.

தேன்சிட்டுக்கு முருங்கை போதும். கூடு கட்ட அதற்குச் சிலந்தி நூல் வேண்டும். தோட்டத்துப் பக்கம் ஒட்டடை அடிக்க வேண்டாம். கொண்டைக்குருவிக்கு வேலியில் களா வையுங்கள். திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் தந்த பாதிரியை நட ஆசை வரும். ஒரு சென்ட்டுக்கு அந்த மரம் பெரிது.

புரட்டாசிக் கடைசியில் நடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் பிடித்துவிடும். அடுத்த கோடையில் மட்டும் வாரம் இரண்டு முறை தண்ணீர் ஊற்றினால் போதும்.