அம்மாவுக்கு மறதி வருத்தம், எனக்கும் வருமா?

தங்கச்சி, அம்மாவுக்கு 74 வயதில் அல்சைமர் தொடங்கியது, உங்களுக்கு அந்த வருத்தத்தின் ஆபத்தைக் கூட்டும் ஏபோஈ4 (APOE4) மரபணு ஒரு பிரதி இருக்கிறது, 41 வயதில் சாவியை மறந்தாலே நெஞ்சு பதறுது, நித்திரை இல்லை என்று எழுதியிருந்தீர்கள்.

ஒரு பிரதி ஆபத்தை ஏறத்தாழ 2–3 மடங்கு கூட்டும். ஆனால் அது இருக்கிற பலருக்கு இந்த வருத்தம் வருவதேயில்லை. பிள்ளைக்கு 50 வீத வாய்ப்போடு நேரே இறங்கும் வகை வேறு, மிக அரிது; பெரும்பாலும் 65க்கு முன்பே தொடங்கும். அம்மாவுடையது அப்படித் தெரியவில்லை.

சாவி விசயத்தில் நித்திரைக் குறைவையும் பதற்றத்தையும்தான் முதலில் பார்க்க வேணும். மனம் வேறெங்கோ நிற்கும்போது வைத்த இடம் பதிவதே இல்லை, பிறகு எப்படி ஞாபகம் வரும்? இணைய ஞாபகச் சோதனைகளை விடுங்கள், செய்யச் செய்யப் பயம்தான் வளரும். பின்னேரம் 15 நிமிடம் ஒதுக்கி, கவலையைக் கொப்பியில் எழுதி மூடுங்கள். இரண்டு மூன்று கிழமையில் குறையாவிட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மறதி வருத்த ஆபத்தைக் குறைக்க, பிறசர் மேல் அளவை 130க்குள் வைத்திருங்கள். சீனி, கொலஸ்ட்ரோல், பி12 விற்றமின், தைரொயிட் அளவுகளை இரத்தத்தில் சோதித்துப் பாருங்கள். வெயில் ஏறமுன் கல்லடிக் கடற்கரையில் கிழமைக்கு 5 நாள், 30 நிமிடம் வேகமாக நடவுங்கள்.