பெண்ணுக்கு மெர்சிடிஸ் என்று பெயர் வைக்கலாமா?

வாசகி கேள்வி: நான் மாட்ரிட்டில் வசிக்கிறேன், கணவர் ஸ்பெயின்காரர். பிறக்கப்போகும் பெண்ணுக்கு அவருடைய பாட்டி பெயரான மெர்சிடிஸை வைக்க வேண்டும் என்று அந்த வீட்டில் ஆசைப்படுகிறார்கள். ஊரில் அம்மாவோ, "கார் பேரையா வைப்பாங்க?" என்கிறார். அதற்கு என்ன அர்த்தம்? இப்போதும் அந்தப் பெயரை வைக்கிறார்களா?

தாராளமாக வைக்கலாம். முதலில் அம்மாவைச் சமாதானப்படுத்திவிடுவோம். காருக்குத்தான் ஒரு பெண்ணின் பெயரை வைத்தார்கள். எமில் யெலினெக் என்ற ஆஸ்திரிய வியாபாரி, பிரான்சின் நீஸ் நகரில் டைம்லர் கார்களை விற்றுக்கொண்டிருந்தவர், 1889-இல் வியன்னாவில் பிறந்த தன் மகளுக்கு இந்த ஸ்பானியப் பெயரைச் சூட்டியிருந்தார். ராசியான பெயர் என்று அவருக்கு அப்படியொரு நம்பிக்கை. கார் பந்தயத்தில்கூட அதையே புனைபெயராக வைத்துக்கொண்டு இறங்கினார், டைம்லரிடம் புது மாடல் கார்களுக்கு ஆர்டர் கொடுத்தபோது அந்தப் பெயரில்தான் வர வேண்டும் என்று அடம்பிடித்தார், 1902-இல் அது கம்பெனியின் முத்திரையாகவே பதிவானது. இத்தனைக்கும் அவருடைய அப்பா வியன்னாவில் பெயர்பெற்ற யூத மதகுரு. மகன் தேர்ந்தெடுத்ததோ மாதாவின் பெயர்!

ஆமாம், இது மாதா பெயர்தான். முழுசாகச் சொன்னால் மரியா தே லாஸ் மெர்தேதெஸ் (மெர்சிடிஸை மாட்ரிட்டில் இப்படித்தான் உச்சரிப்பார்கள்), அதாவது கருணைகளின் மரியா. ஸ்பெயினில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு மரியா இருந்ததால் பின்னால் வரும் பட்டத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பிலார், தொலோரெஸ், கார்மென் எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தான். நம் ஊர் ஆரோக்கியமேரி, சகாயமேரியில் மேரியை விட்டுவிட்டுக் கூப்பிடுவதில்லையா, அதே கதை. மூலம் லத்தீன் மொழியில் கூலியைக் குறித்த சொல். போகப்போக அருள், கருணை என்று பொருள் மாறிவிட்டது. நீங்கள் பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் தினமும் மரியாதைக்குச் சொல்லும் 'உஸ்தேத்' இருக்கிறதே, அதுவும் 'உங்கள் கருணை' என்று பெரியவர்களை விளித்த பழைய தொடர் தேய்ந்து வந்ததுதான்.

இந்த மாதா பக்தி பார்சிலோனாவில் தொடங்கியது. 1218-இல் பேதுரு நொலாஸ்கோ என்பவர் அங்கே ஒரு துறவற சபையை நிறுவினார். மத்தியதரைக் கடல் பக்கம் முஸ்லிம் ஆட்சியாளர்களிடம் அடிமைகளாகச் சிக்கிய கிறிஸ்தவர்களைப் பணம் கொடுத்து மீட்பதுதான் சபையின் வேலை. துறவிகள் வழக்கமாக எடுக்கும் மூன்று வாக்குறுதிகளோடு இவர்களுக்கு நாலாவதாக ஒன்று உண்டு: பணம் போதாவிட்டால், கைதிக்குப் பதிலாக நானே பிணையாக உட்காருவேன் என்பது. ஸ்பெயினில் சிறைகளுக்குப் பாதுகாவலி இன்றும் இந்த மாதாதான். திருநாள் செப்டம்பர் 24, அன்றுதான் உங்கள் பெண்ணுக்கும் பெயர்நாள், பார்சிலோனாவே விழாக்கோலத்தில் இருக்கும்.

இந்தப் பெயரில் ஒரு சோகக் கதையும் உண்டு, மாமியார் வீட்டில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். 1878 ஜனவரியில் மன்னர் பன்னிரண்டாம் அல்போன்சோவைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட ராணி மெர்தேதெஸ், பதினெட்டு வயது நிறைந்த இரண்டாம் நாள், அந்த ஜூன் மாதமே இறந்துபோனார். அந்தக் காதலைக் குழந்தைகள் பாட்டாகவே பாடியிருக்கிறார்கள். அதற்காகவெல்லாம் பெயரை ஒதுக்க வேண்டாம். அர்ஜென்டினாவின் மெர்சேதெஸ் சோசா எழுபத்துநாலு வயது வரை இருந்து ஒரு கண்டத்தையே பாட்டால் கட்டிப்போட்டவர்.

இப்போது வைக்கிறார்களா என்றால், ரொம்பக் குறைவு. பாட்டிகள் தலைமுறையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். புதுக் குழந்தைகள் பட்டியலில் முன்னால் நிற்பவை லூசியா, சோஃபியா, மார்த்தினா போன்றவை. ஸ்பெயினின் தேசியப் புள்ளியியல் நிறுவனத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் எந்தப் பத்தாண்டில் எத்தனை பேர் பிறந்தார்கள், அவர்களின் சராசரி வயது என்ன என்பதுவரை வரும், ஒரு தடவை பாருங்கள். பழசாகத் தெரியுமே என்று கவலைப்படுவதைவிட, ஒரே வகுப்பில் நாலு லூசியாக்களுக்கு நடுவே இவள் ஒருத்திதான் மெர்தேதெஸ் என்பது எனக்கு லாபமாகத்தான் படுகிறது.

கார் கேலி அங்கே பெரிதாக எடுபடாது. காருக்கு ஆண்பால் சொல் சேர்த்து 'உன் மெர்தேதெஸ்' என்பார்கள், அந்த 'உன்' என்றால் ஸ்பானியத்தில் 'ஒரு'. அப்புறம் உச்சரிப்பு: மாட்ரிட்டில் மெர்தேதெஸ், லத்தீன் அமெரிக்காவில் மெர்சேதெஸ், இரண்டிலும் அழுத்தம் நடு எழுத்தில். வீட்டில் செல்லமாக மெர்ச்சே.

பதிவு செய்யும்போது முன்னால் மரியா சேர்க்கச் சொல்வார்கள். கட்டாயமில்லை, தனியாக மெர்தேதெஸ் போதும் என்பது என் கட்சி. இரண்டு குடும்பப் பெயர்கள் வேறு பின்னால் வரப்போகின்றன. பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பெயரில் போடும் மேல்கோடுகள் (Mercédès) அதன் ஸ்பானிய வடிவத்தில் (Mercedes) கிடையாது, படிவத்தில் அதைக் கவனியுங்கள். அம்மாவுக்கு வாயில் நுழையாவிட்டால் மெர்சி என்று கூப்பிடட்டும், அதற்கும் வேர் இதே லத்தீன் சொல்தான்.