ஒரு பெரிய பாடியா, ஒரே மாதிரி இரண்டா? – வாசகர்களின் கேமரா கேள்விகள்

கல்யாணம், பனியன் கம்பெனி கேட்லாக், காடு என்று மூன்று பக்கமும் படம் எடுத்துவரும் கோவைப் புகைப்படக்காரர் ஒருவர், கேமரா பாடி (லென்ஸ் சேராத கேமரா) வாங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறார்.

அண்ணா, வணக்கமுங்க. ஒருத்தர்கிட்ட அசிஸ்டென்டா இருந்துட்டு இப்போ தனியா கல்யாண ஆர்டர் எடுக்கலாம்னு இருக்கேன். லென்ஸுக்குத் தனியா காசு வெச்சிருக்கேன். பாடிக்குன்னு கையில மூணு லட்சம் இருக்கு. செகண்ட்ஸ்ல கேனான் 1டி எக்ஸ் மார்க் 3 ஒண்ணு வருது. அதை விட்டா ஆர்6 ரெண்டு வாங்கலாம். எது சரிங்க? – வாசகர், கோபிசெட்டிபாளையம்

தம்பி, ஆர்6 இரண்டு. யோசிக்கவே வேண்டாம்.

1டி எக்ஸ் மார்க் 3 மட்டமான கேமரா என்று நான் சொல்லவில்லை. கேனானின் கடைசிப் பெரிய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த ரகம்; அது இல்லாத ரகம்தான் ஆர்6 போன்ற மிரர்லெஸ்) அதுதான், அடித்துப் போட்டாலும் வேலை செய்யும். ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. 2020-ல் வந்த ஆர்6-க்குள் இருக்கும் 20.1 மெகாபிக்சல் சென்சார், அந்த 1டி எக்ஸ் மார்க் 3-ன் சென்சாரை அடிப்படையாக வைத்துச் செய்ததுதான். இருட்டு மண்டபத்தில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 6400 வைத்து எடுத்த இரண்டு கேமராப் படங்களையும் ஆல்பத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பெண் வீட்டார் யாரும் பிரித்துச் சொல்லமாட்டார்கள். பெரிய பாடிக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு அதன் உறுதிக்கும், பேட்டரிக்கும், விளையாட்டு மைதானத்து வேகத்துக்கும் போகிறது. கல்யாணத்துக்கு அந்த வேகம் வேண்டியதில்லை. எடையையும் பாருங்கள், அது கிட்டத்தட்ட 1440 கிராம், ஆர்6 பேட்டரி கார்டோடு சேர்ந்தே 680 கிராம்தான்.

சரி, இரண்டு எதற்கு? நம்ம கொங்குப் பக்கத்துக் கல்யாணத்தை நினைத்துப் பாருங்கள். முதல் நாள் சாயங்காலம் ஆரம்பித்தால் விடிகாலை முகூர்த்தம் முடிகிற வரைக்கும் சீர் மேல் சீர், அதாவது சடங்கு மேல் சடங்கு. இணைச்சீர் நடக்கும்போது மாப்பிள்ளையும் அவர் அக்காவோ தங்கச்சியோ நடுவில், சீர்களை நடத்திவைக்கும் பெரியவரான அருமைக்காரர் குனிந்து சடங்கு செய்துகொண்டிருப்பார், சுற்றிலும் சொந்தபந்தம் தோளோடு தோள் இடித்து நிற்கும், உங்களுக்குக் கால் வைக்கக்கூட இடம் இருக்காது, அதில் எங்கே போய் லென்ஸ் மாற்றுவது? ஒரு தோளில் 35 எம்எம் லென்ஸ் மாட்டிய பாடி, இன்னொரு தோளில் 85 அல்லது 70-200 என்று இரண்டும் தயாராகத் தொங்கவேண்டும். அருமைக்காரர் கையை 35-ல் எடுத்த கையோடு, பின்னால் கண் கலங்கி நிற்கும் அம்மாவை 85-ல் எடுக்க இரண்டு நொடிதான் கிடைக்கும்.

அதோடு, பாடி என்பது ஒரு நாள் நிற்கத்தான் செய்யும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் சரி, கீழே விழும், ஷட்டர் போகும், பன்னீர் தெளிக்கும் பையன் நேராக அதன் மேலேயே தெளிப்பான். ஒற்றைப் பாடியோடு கல்யாணத்துக்குப் போகிறவர் தாலி கட்டும் நேரத்தை அந்த ஒரு மின்பலகையை நம்பி விடுகிறார். அந்தக் குடும்பத்துக்கு அது ஒரே ஒரு நாள். கூலி வாங்கிக்கொண்டு போகிறவர் இந்த அபாயத்தை அவர்கள் தலையில் கட்டக்கூடாது என்பதில் எனக்குச் சமரசமே கிடையாது.

அந்த இரண்டும் ஒரே மாடலாக இருப்பதன் அருமை, அடுத்த நாள் கணினியில் உட்காரும்போது தெரியும். நிறம் ஒன்று, பட்டன் இருக்கும் இடம் ஒன்று, பேட்டரி, சார்ஜர், கார்டு எல்லாம் ஒன்று. கிளம்பும் முன்னால் இரண்டின் கடிகாரத்தையும் நொடி மாறாமல் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஆயிரக்கணக்கான படங்களை நேர வரிசையில் அடுக்கும்போது தாலி கட்டியதற்கு அப்புறம் மாலை மாற்றுவது மாதிரி குழம்பிக் கிடக்கும்.

அப்புறம் கார்டு. ஆர்6-ல் எஸ்டி கார்டு போட இரண்டு இடம் உண்டு. இரண்டிலும் ஒரே சமயத்தில் ரா (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) பதிவாகும்படி வையுங்கள். 2018-ல் வந்த கேனான் ஆர், நிக்கான் இசட்6, இசட்7 மூன்றுக்கும் ஒரே கார்டு இடம்தான். செகண்ட்ஸில் மலிவாகக் கிடைக்கும், படமும் அருமையாக இருக்கும், ஆனால் கல்யாணத்துக்கு வேண்டாம். ஒன்று மட்டும் கவனத்தில் வையுங்கள்: ஆர்6-ல் தொடர்ந்து 4கே வீடியோ ஓட்டினால் சூடேறி நின்றுவிடும், சித்திரை வெயிலில் இன்னும் சீக்கிரம். வீடியோ ஆர்டரும் எடுப்பதாக இருந்தால் அதற்கு வேறு கேமரா பாருங்கள்.

கல்யாண வீட்டுக்காரர் முதல்ல கேக்கறதே "உங்க கேமரா எத்தனை மெகாபிக்சல்?"னுதான். 20 போதும்னு சொன்னா முகம் சுளிக்கிறாங்க. – வாசகர், சென்னிமலை

ஆல்பத்தை வைத்துக் கணக்குச் சொல்லிக் காட்டுங்கள். நம்ம ஊரில் ஓடும் ஆல்பம் ஷீட் விரித்தால் 12-க்கு 36 இன்ச், ஒரு பக்கம் 12-க்கு 18. அச்சுக்கு இன்ச்சுக்கு 300 புள்ளி என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கு வேண்டியது 5400-க்கு 3600. 20 மெகாபிக்சல் ஆர்6 கொடுப்பது 5472-க்கு 3648. அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது. ஒரே படத்தை விரித்த ஷீட் முழுக்கப் போட்டால் இன்ச்சுக்கு 150 புள்ளிதான் வரும், ஆனால் அவ்வளவு பெரிய படத்தை யாரும் மூக்கருகே வைத்துப் பார்ப்பதில்லை. 45, 61 என்று போனால் கார்டும் ஹார்டு டிஸ்க்கும் வாங்கியே லாபம் கரையும்.

ரிசப்ஷன் மேடையில எல்இடி வால், அதான் அந்தப் பெரிய எல்இடி திரை, போட்டா படத்துல கறுப்புக் கறுப்பா பட்டை விழுது. புது மிரர்லெஸ் கேமராதான், மாத்திக் கேக்கலாமா சார்? – வாசகர், கரூர்

கேமராவில் கோளாறு இல்லை, மாற்றிக் கேட்டாலும் அடுத்ததும் இதையேதான் செய்யும். எல்இடி நம் கண்ணுக்குத்தான் விடாமல் எரிவது மாதிரி தெரிகிறது. உண்மையில் அது படுவேகமாக அணைந்து அணைந்து எரிகிறது. நீங்கள் சத்தம் வராமல் எடுக்கும் எலக்ட்ரானிக் ஷட்டர், சென்சாரை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. ஒரு வரியைப் படிக்கும்போது விளக்கு எரிகிறது, சில வரி தள்ளி அணைந்திருக்கிறது, அந்த வரிகள் கறுப்புப் பட்டையாக விழுகின்றன.

முதல் வேலையாக மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். நம்ம நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் நேரடியாக எரியும் சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். அதனால் ஷட்டர் வேகம் 1/100 அல்லது 1/50 வைத்தால் அந்தத் தொல்லை தீர்ந்துவிடும். ஆனால் எல்இடி வாலின் துடிப்பு வேறு கணக்கு, ஒவ்வொரு வாடகைக்காரர் கொண்டுவரும் பலகைக்கும் அது மாறும். சாயங்காலம் அவர்கள் வாலைப் போட்டுச் சோதிக்கும்போதே நீங்களும் மேடை முன்னால் நின்று 1/250, 1/160, 1/100 என்று இறங்கிக்கொண்டே வந்து, பட்டை எங்கே மறைகிறது என்று பார்த்து வையுங்கள். கேனான் ஆர்6 மார்க் 2, நிக்கான் இசட்8 போன்றவற்றில் இந்த வேகமான துடிப்புக்கென்றே ஷட்டர் வேகத்தை நுணுக்கமாகத் திருகும் வசதி இருக்கிறது. மேடைதான் உங்கள் பிழைப்பு என்றால் அடுத்த பாடி வாங்கும்போது மெகாபிக்சலுக்கு முன்னால் இதைக் கேளுங்கள். சோனி ஏ9 மூன்றாம் மாடல் சென்சார் முழுவதையும் ஒரே சமயத்தில் படித்துவிடும், வரி வரியாகப் படிப்பதால் விழும் பட்டை அதில் வராது. ஆனால் அதன் விலைக்கு நடுத்தர பாடி இரண்டு வரும், நான் அந்த இரண்டைத்தான் வாங்குவேன்.

என்கிட்ட நிக்கான் டி750, 50 1.8டி, 80-200 2.8டி, 24-70 இருக்கு. எல்லாரும் மிரர்லெஸ் போயிட்டாங்க, நானும் போகணுமா? – வாசகர், ஈரோடு

டி750 2014-ல் வந்தது, 24 மெகாபிக்சல், இரண்டு எஸ்டி கார்டு. இன்றைக்கும் கல்யாணத்துக்கு எதிலும் குறைவில்லை. மிரர்லெஸ்ஸில் படத்தின் தரம் ஒன்றும் பெரிதாக ஏறிவிடாது. அங்கே கிடைப்பது கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸும், சத்தமில்லாத ஷட்டரும். ஓடிவரும் குழந்தையை எஃப் 1.8-ல் (லென்ஸை அகலத் திறந்து) எடுத்துப் பார்த்தால் அந்த ஃபோகஸின் மதிப்பு புரியும், அது நிஜமான முன்னேற்றம்தான்.

ஆனால் மாறும் முன்னால் ஒரு விஷயம் பாருங்கள். உங்கள் 50, 80-200 இரண்டும் டி வகை, அவற்றுக்குள் மோட்டார் கிடையாது. டி750-க்குள் இருக்கும் மோட்டார்தான் மவுண்டில் (லென்ஸ் மாட்டும் வாயில்) உள்ள சின்னத் திருகாணி வழியாக அவற்றைச் சுழற்றுகிறது. பழைய நிக்கான் லென்ஸை இசட் மிரர்லெஸ் பாடியில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்தத் திருகாணி இல்லை. ஆக இசட் பாடியில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். 24-70 தனக்குள்ளேயே மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் ரகம் என்றால் பிரச்னையில்லை. பாடி விலையோடு இரண்டு லென்ஸ் விலையையும் கூட்டிப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். பேட்டரி ஒரே குடும்பம் என்பது மட்டும் ஆறுதல், டி750-ன் இஎன்-இஎல்15 இசட்6 இரண்டாம் மாடலிலும் வேலை செய்யும்.

இப்போதைக்கு இன்னொரு டி750-யை நல்ல நிலையில் பார்த்து வாங்குவதுதான் உங்கள் காசுக்கு நல்லது என்பேன். அப்புறம் மாறும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றிக்கொள்ளலாம்.

திருப்பூர்ல பனியன் கம்பெனிகளுக்கு கேட்லாக் எடுக்கறேன். நெருங்கி எடுத்தா துணியில வானவில் மாதிரி அலை அலையா வருது. 61 மெகாபிக்சல் வாங்கினா போயிருமா? – வாசகர், திருப்பூர்

குறையும், ஆனால் போய்விடும் என்று சொல்லமுடியாது. பின்னல் துணியின் கண்ணி வரிசையும் சென்சாரின் புள்ளி வரிசையும் ஏறத்தாழ ஒரே நெருக்கத்தில் அமைந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அந்த அலை பிறக்கிறது. இதைத் தடுக்க சென்சார் முன்னால் படத்தைத் துளி மழுக்கும் லோ-பாஸ் ஃபில்டர் என்று ஒரு கண்ணாடி வைப்பார்கள். கூர்மை வேண்டும் என்று டி850, சோனி ஏ7ஆர் ஐந்தாம் மாடல் போன்றவற்றில் அதை எடுத்துவிட்டார்கள். டி750, ஆர்5 இவற்றில் அது உண்டு. துணிப் படம் எடுக்கிறவர் வாங்கும் முன் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான். ஆன்லைன் விற்பனைப் படத்துக்கு ஃபில்டர் உள்ள 24 மெகாபிக்சலே போதும். இப்போதைக்குக் கேமராவை அரை அடி முன்னே பின்னே நகர்த்துங்கள், துணியைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள், எஃப் 16 வரை மூடிப் பாருங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும்.

கம்பெனிக்குள் பறக்கும் பஞ்சு சென்சாரில் ஒட்டும். லென்ஸ் கழற்றும்போது கேமராவை அணைத்து, அதன் லென்ஸ் மாட்டும் வாயைத் தரை பார்க்கப் பிடித்துக்கொள்ளுங்கள்.

காலேஜ் முடிச்சுட்டு வால்பாறை, டாப்சிலிப் பக்கம் காட்டுயிர் படம் எடுக்கறேன் சார். ஃபுல் ஃபிரேம் வேணுமா, டி500 செகண்ட்ஸ்ல வாங்கலாமா? – வாசகி, பொள்ளாச்சி

தாராளமாக டி500 வாங்கலாம் அம்மணி. 2016-ல் வந்தது, நொடிக்கு 10 படம், ஃபோகஸ் அபாரம். ஃபுல் ஃபிரேமை விட சென்சார் சிறியது என்பதால் 500 எம்எம் லென்ஸ் 750 போட்ட மாதிரி தெரியும். லென்ஸ் நீண்டுவிடாது, நடுப்பகுதி மட்டும் வெட்டிக் கிடைக்கிறது, அவ்வளவுதான். இருவாச்சிப் பறவை உயரத்தில் உட்கார்ந்திருக்கும்போது உங்களுக்கு வேண்டியது அந்த நடுப்பகுதிதான். மர நிழலில் சிங்கவால் குரங்கை எடுக்கும்போது மட்டும் ஐஎஸ்ஓ ஏறி, படத்தில் மணல் தூவிய மாதிரி தெரியும், அங்கே ஃபுல் ஃபிரேம் ஜெயிக்கும். ஆனால் அதற்குத் தகுந்த லென்ஸ் விலையைக் கேட்டுவிட்டு வாருங்கள். மழைக் காலத்தில் மேலே போனால், லென்ஸ் மவுண்டிலும் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள், பாடி மட்டும் மழை தாங்கிப் பயனில்லை.

5டி மார்க் 3 செகண்ட்ஸ்ல வாங்கப்போறேன். என்ன பாக்கணும்? – வாசகர், நாமக்கல்

அதன் ஷட்டருக்குக் கேனான் சொன்ன கணக்கு 1,50,000 தடவை. எவ்வளவு ஓடியிருக்கிறது என்று மெனுவில் தெரியாது, சர்வீஸ் சென்டரில் காட்டிக் கேளுங்கள். எஃப் 16-ல் வெறும் வானத்தை எடுத்தால் சென்சார் அழுக்கு புள்ளி புள்ளியாக வரும். அப்புறம் டார்ச் அடித்து சிஎஃப் கார்டு குழிக்குள் பாருங்கள், ஊசி மாதிரி வரிசையாக நிற்கும் கம்பிகளில் ஒன்று வளைந்திருந்தாலும் வாங்காதீர்கள். எஸ்டி இடமும் வேலை செய்கிறதா என்று பாருங்கள், அது சிஎஃப்பை விட மெதுவானது, இரண்டிலும் சேர்த்துப் பதிவு செய்தால் வேகம் குறைவது அந்த மாடலின் இயல்பு. கடைசியாக அடியில் உள்ள சீரியல் எண்ணும் பில்லில் உள்ளதும் ஒன்றாக இருக்கவேண்டும். பில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.