சம்பளம் ஏறியும் மனசு நிறையவில்லையே!

கேள்வி: ஏழு வருடங்களுக்கு முன் போன் மணி அடித்தாலே கடன் கொடுத்தவரோ என்று நெஞ்சு படபடக்கும். இன்று கடன் அடைந்துவிட்டது, சம்பளமும் மூன்று மடங்காகிவிட்டது. ஆனாலும் மனசு நிறையவில்லை. இப்போது பதவி உயர்வு தருகிறார்கள். சம்பளம் இன்னும் கூடும், ஆனால் வீடு திரும்ப இரவு ஒன்பது மணி ஆகும். 'பணம் சந்தோஷம் தராது, வேண்டாம் என்று சொல்லிவிடு' என்கிறார் கணவர். நேற்று நான் வருவதற்குள், என்னிடம் காட்ட வைத்திருந்த படத்தைக் கையில் பிடித்தபடியே மகள் தூங்கிவிட்டாள். நான் பேராசைக்காரியா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் பேராசைக்காரி இல்லை. அந்தப் பாரத்தை முதலில் இறக்கி வையுங்கள்.

உங்கள் கணவர் சொல்வதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. போன் மணிக்கு இன்று நீங்கள் பயப்படுவதில்லையே, அது பணம் செய்த வேலைதானே? 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் 464 கரும்பு விவசாயிகளுக்கு, அறுவடைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் சிந்தனைத் திறன் சோதனை வைத்தார்கள். கை காய்ந்திருந்த நாட்களில் தடுமாறிய அதே ஆட்கள், பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தார்கள். பணக்கவலை அந்த அளவுக்கு மூளையைத் தின்கிறது. அதிலிருந்து மீண்டு வந்தவர் நீங்கள். அதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

பிறகு ஏன் மனசு நிறையவில்லை? ஆயிரம் இரண்டாயிரம் ஆகும்போது வரும் நிம்மதி, லட்சத்துடன் இன்னொரு ஆயிரம் சேரும்போது வருவதில்லை. அமெரிக்காவில் ஆண்டு வருமானம் 75,000 டாலரைத் தாண்டினால் அன்றாட மகிழ்ச்சி கூடுவதில்லை என்று 2010-ல் உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டனும் எழுதினார்கள். கூடிக்கொண்டுதான் போகிறது என்று 2021-ல் மறுத்தார் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்ற இன்னொரு ஆய்வாளர். எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து நடந்ததுதான்: உளவியலாளர் பார்பரா மெல்லர்ஸை நடுவராக வைத்துக்கொண்டு, கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் சேர்ந்தே கணக்கைத் திரும்பப் பார்த்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. பெரும்பாலோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடுகிறது. ஏற்கெனவே மனம் நொந்திருக்கும் ஒரு பகுதியினருக்கு மட்டும், சுமார் ஒரு லட்சம் டாலருக்கு மேல் வருமானம் கைகொடுப்பதில்லை. அவர்களுடைய குறை பணத்தால் தீராத குறை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

உங்கள் குறை எது? கடிதத்தில் நீங்களே எழுதிவிட்டீர்கள். படத்தைப் பிடித்தபடி தூங்கிய குழந்தையிடம் இருக்கிறது அது. உங்களிடம் இப்போது குறைவாக இருப்பது நேரம். கனடாவின் வான்கூவர் நகரில் வேலைக்குப் போகும் 60 பேருக்கு இரண்டு வார இறுதிகளில் 40 டாலர் வீதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-ல் வெளியான ஆய்வு அது. ஒரு வாரம் பொருள் வாங்க வேண்டும், இன்னொரு வாரம் நேரத்தை மிச்சப்படுத்தும் ஏதாவது ஒன்றுக்குச் செலவழிக்க வேண்டும். நேரம் மிச்சமான நாளில்தான் மனசு லேசாக இருந்தது என்றார்கள். உங்களுக்கு வந்திருக்கும் பதவியோ இதற்கு நேர்மாறானது. நேரத்தை விற்கச் சொல்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. சம்பளம் நின்றால் ஆறு மாதம் தாக்குப்பிடிக்கச் சேமிப்பு இருக்கிறதா? இல்லையென்றால் ஓரிரு வருடம் அந்தப் பதவியில் இருந்து, கூடுதல் பணம் முழுவதையும் அதற்கே ஒதுக்குங்கள். பழைய பயம் திரும்பி வரக் கூடாது. சேமிப்பு இருந்தால், வாரத்தில் மூன்று நாளாவது ஆறு மணிக்குக் கிளம்ப முடியுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். தயங்க வேண்டாம், உங்களை வேண்டும் என்றுதானே கூப்பிடுகிறார்கள். ஒத்துக்கொண்டால், கூடும் சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டு வேலைக்கு ஆள் வைக்கச் செலவழியுங்கள். ஒன்பது மணிதான் என்று அடம்பிடித்தால், உங்கள் இடத்தில் நான் மறுத்துவிடுவேன். கணவரிடமும் இந்தக் கணக்கைக் காட்டிப் பேசுங்கள்.

மகள் என்ன படம் வரைந்திருந்தாள் என்று நீங்கள் எழுதவில்லை. இன்று அவளிடம் கேளுங்கள்.