யாளி என்ன சாப்பிடும்?

(பதின்ம வயதினருக்கான ஃபேன்டஸி நாவல்களை எழுதித் தாமே வெளியிட்டுவரும் எழுத்தாளர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

வங்கியில் வேலை. பதின்ம வயதினருக்காக ஒரு ஃபேன்டஸி நாவல் எழுதி முடித்திருக்கிறேன். பதிப்பகங்களில் "இது சிறுவர் புத்தகமா, பெரியவர்கள் புத்தகமா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். நானே வெளியிடலாமா? வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுத ஆசை.
– வாசகர், திருநெல்வேலி

வெளியிடுங்கள். வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். நானே பகலில் டிடிபி வேலைதான் (கணினியில் பக்கம் வடிவமைப்பது) பார்க்கிறேன்.

240 பக்கம், டெமி அளவு, விலை 280 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விற்பனையாளருக்கு 40 சதவீதம் கழிவு போனால் மிச்சம் 168. கொஞ்சமாக அச்சடித்தால் பிரதிக்கு 110 ரூபாய் வரை அச்சுக்கே போய்விடும். கையில் நிற்பது 58. ஐந்நூறு பிரதி விற்றால் 29,000 ரூபாய். அட்டைப்பட ஓவியருக்கும் மெய்ப்பு பார்ப்பவருக்கும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். வீட்டு வாடகைக்கு இது ஆகாது.

தொடராக எழுதினால் கணக்கு கொஞ்சம் மாறும். இரண்டாம் பாகம் வரும்போது முதல் பாகத்தைத் தேடி வருவார்கள். அதற்கு மறுபடி ஓவியர் செலவு கிடையாது. அமெரிக்காவில் அமாண்டா ஹாக்கிங் 2010-ல் தன் நாவல்களை மின்னூலாகத் தானே வெளியிட ஆரம்பித்தார். பத்து லட்சத்துக்கு மேல் விற்று, 2011-ல் ஒரு பெரிய பதிப்பகத்தோடு 20 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். எல்லோரும் அந்தத் தொகையைத்தான் பேசுவார்கள். அவர் ஒன்றை மட்டும் வெளியிட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை, எழுதி வைத்திருந்ததையெல்லாம் அடுத்தடுத்து இறக்கினார் என்பதைத்தான் நான் கவனிப்பேன்.

அப்புறம் அந்த "சிறுவரா, பெரியவரா" விஷயம். பின்னட்டையில் "13 வயதுக்கு மேல்" என்று பளிச்சென்று போடுங்கள். இல்லாவிட்டால் கடையில் படக்கதைகளோடு சேர்த்து அடுக்கிவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அந்த அலமாரிப் பக்கமே போகாது.

அச்சே வேண்டாம், கிண்டில் மட்டும் போதும் என்கிறான் தம்பி. சரியா?
– வாசகி, திண்டுக்கல்

செலவு இல்லாத வழிதான். 2016 முதல் தமிழிலும் நேரடியாக வெளியிடலாம். ஒரு விவரம்: இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால், விலை அமேசான் சொல்லும் வரம்புக்குள் இருப்பதோடு அவர்களுடைய 'கேடிபி செலக்ட்' திட்டத்திலும் சேர வேண்டும், இல்லாவிட்டால் 35 சதவீதம்தான். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் கொடுக்கக் கூடாது. சந்தா கட்டிப் படிக்கும் 'கிண்டில் அன்லிமிடெட்' வாசகர்கள் படிக்கும்போது, புரட்டும் பக்கத்தைக் கணக்கிட்டுப் பணம் வரும்.

ஆனால் உங்கள் வாசகிக்கு வயது பதினான்கு. அவளிடம் கார்டு கிடையாது. போன் இருந்தாலும் அம்மாவுடையது. படிப்பவர் வேறு, காசு கொடுப்பவர் வேறு என்பதுதான் இந்தத் தொழிலின் சிக்கலே. கிண்டிலில் என் கதைகளைப் படிப்பவர்கள் பெரும்பாலும் முப்பது வயதைத் தாண்டியவர்கள், கடிதங்களிலிருந்து தெரிகிறது. அவர்களும் வேண்டும்தான். அவர்களை நம்பி மட்டும் இளையோர் நாவல் எழுத முடியாது.

அப்படியானால் பதினான்கு வயதுக்காரர்களை எங்கே பிடிப்பது? இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போட்டும் ஒன்றும் நடக்கவில்லை.
– வாசகர், கோவை

பள்ளிக்கூடத்தில். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, நூலக வகுப்பில் ஒரு பீரியட் கேளுங்கள். ஜூலை, ஆகஸ்ட் நல்ல மாதங்கள். பொங்கலுக்குப் பிறகு போனால், பரீட்சை நேரத்தில் கதை சொல்ல வந்தவரை யாரும் உள்ளே விடமாட்டார்கள்; அதில் தப்பும் இல்லை.

அன்றைக்கே விற்கலாம் என்று பிரதிகளைச் சுமந்துபோகாதீர்கள். எந்தப் பிள்ளையும் 280 ரூபாயோடு வராது. நூலகத்துக்கு இரண்டு பிரதி கொடுத்துவிட்டு, முதல் அத்தியாயத்தைப் பாதியில் நிறுத்தும்படி வாசித்துவிட்டு வாருங்கள். விற்பனை, பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில். பிள்ளை அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும். சென்னைப் புத்தகக் காட்சியிலும் இதேதான்: பொங்கல் விடுமுறையில் பணமும் பிள்ளையும் ஒன்றாக வருகிற இடம். ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு தனி ஸ்டால் எடுக்காதீர்கள். தெரிந்த பதிப்பகத்தின் ஸ்டாலில் கழிவு பேசி வையுங்கள்.

பள்ளிக்குப் போவதில் விற்பனையைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. என் கதையில் கோயில் தூணிலிருந்து இறங்கி வரும் யாளி ஒன்று இருக்கிறது. நான் வாசித்து முடித்ததும் கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "மிஸ், அது என்ன சாப்பிடும்?" என்றாள். பக்கத்தில் இருந்தவள், "முகம் சிங்கம், தும்பிக்கை யானை. கறியா, தழையா மிஸ்?" என்றாள். வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. பல்லைப் பார்த்துச் சொல்லலாம் என்றான் ஒருவன். வேண்டுதல்தான் அதற்குச் சாப்பாடு, அதனால்தான் நேர்ந்துகொண்டதெல்லாம் பலிப்பதில்லை என்றாள் முதலில் கேட்டவள். மந்திர விதிகள் என்று நான் எழுதி வைத்திருந்த நோட்டைவிட அது உருப்படியாக இருந்தது. அவளிடம் கேட்டு, சொல்லிவிட்டே இரண்டாம் பாகத்தில் எடுத்துக்கொண்டேன்.

ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) வாங்கித்தர ஒரு நிறுவனம் 5,000 ரூபாய் கேட்கிறது. கொடுக்கலாமா?
– வாசகர், வேலூர்

கூடாது. இந்தியாவில் ஐஎஸ்பிஎன் இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமையிடம் எழுத்தாளரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். காப்புரிமையும் எழுதியவுடனே உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை.

மகள் பிளஸ் ஒன். நோட்டு நோட்டாக ஃபேன்டஸி எழுதுகிறாள். புத்தகமாகப் போட்டுத்தரலாமா, படிப்பு கெடுமா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

படிப்பைப் பற்றி அவளுடைய ஆசிரியரிடம் கேளுங்கள் அம்மா. புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்க எழுத்தாளர் கிறிஸ்டோபர் பாவ்லினி பதினைந்து வயதில் எழுத ஆரம்பித்த டிராகன் கதையை அவருடைய பெற்றோர்தான் 2002-ல் சொந்தமாக அச்சிட்டார்கள். அவர் பழங்கால உடை போட்டுக்கொண்டு பள்ளி பள்ளியாக, நூலகம் நூலகமாகப் போய்ப் பேசினார். அடுத்த ஆண்டே பெரிய பதிப்பகம் எடுத்துக்கொண்டது. அது குடும்பமே சேர்ந்து இழுத்த தேர் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்தப் பெற்றோருக்குப் பதிப்பு வேலை ஏற்கெனவே தெரியும்.

அவசரமாக ஐந்நூறு பிரதி அடித்துக் கட்டிலுக்கடியில் அடுக்க வேண்டாம். முதலில் அவளையே யூனிகோடில் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அதைச் சரிபார்க்க என்னைப் போன்றவர்கள் தனியாகக் காசு வாங்குவோம். பிறகு ஐம்பது பிரதி போதும்.

பதினெட்டு ஆகும்வரை ஒப்பந்தமும் கிண்டில் கணக்கும் உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். வருகிற காசு அவளுடையது. ஐந்து ரூபாய் வந்தாலும் எழுதி வைத்துக் காட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பாகத்தில் சூனியக்காரி உங்கள் சாயலில் வருவாள்.