ரத்தத்தில் ஏது கூடைப்பந்து?

கேள்வி: நான் மதுரைப் பெண். கணவர் அமெரிக்க யூதர், ஆனால் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். மகனுக்கு 12 வயது. அடுத்த வருடம் அவனுக்கு பார் மிட்ஸ்வா (யூதப் பையன்களுக்கு 13 வயதில் செய்யும் சடங்கு) செய்தே ஆக வேண்டும் என்று மாமியார் பிடிவாதம் பிடிக்கிறார். அவர் யூத மதத்தில் தாராளப் போக்குள்ள ரிஃபார்ம் பிரிவு ஜெப ஆலயத்தில் உறுப்பினர். நம்பாத மதத்தின் சடங்கை எதற்குச் செய்ய வேண்டும் என்பது என் வாதம். கணவர் 'உன் இஷ்டம்' என்று ஒதுங்கிவிட்டார். எனக்கும் பெரிய பக்தி கிடையாது. பையனுக்கு ஒரு வயதில் வைத்தீஸ்வரன் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தியதுகூட எங்கள் குடும்ப வழக்கம் என்பதால்தான். அவன் இப்போதெல்லாம் எதிலுமே பிடிப்பில்லாமல் இருக்கிறான். போன வருடம் பள்ளிக் கூடைப்பந்து அணித் தேர்வுக்குப் போகிறேன் என்றான். 'யூத ரத்தத்தில் ஏது கூடைப்பந்து, போய்ப் படி' என்று எல்லாரும் சிரித்தோம், அவனும் விட்டுவிட்டான். பார் மிட்ஸ்வா என்றால் மண்டபம், விருந்து என்று செலவும் அதிகம். யூதர் என்பது மதமா, இனமா? என் மகன் யூதனா, இல்லையா? சடங்கு வைத்தால் மதுரையில் இருக்கும் என் அப்பா அம்மாவை எப்படி அழைப்பது?
– ஒரு வாசகி, நியூஜெர்சி

பதில்: கலப்பு மணம் செய்துகொண்டு வெளிநாட்டில் இருப்பவர்கள் எனக்கு எழுதும் கடிதங்களில் பெரும்பாலும் இதே வழக்குத்தான்: எந்தப் பக்கத்துச் சடங்கு? எழுதுகிறவர் நியாயஸ்தர், மாமியார் பிடிவாதக்காரர் என்பதும் மாறுவதில்லை. அதனால் உங்கள் மாமியாரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் கூடைப்பந்தை விட்டு நகரவில்லை.

'எல்லாரும் சிரித்தோம், அவனும் விட்டுவிட்டான்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு மண்டபச் செலவுக்குப் போய்விட்டீர்கள். அந்த வயதுப் பையன் தானாக வாய்திறந்து ஒன்றை ஆசைப்பட்டிருக்கிறான். வீடே கூடிச் சிரித்திருக்கிறது. அப்புறம் எதிலும் பிடிப்பில்லை என்று அவனைப் பற்றியே குறைப்பட்டுக்கொள்கிறீர்கள். எப்படியம்மா பிடிப்பு வரும்?

இன்னொன்றையும் பாருங்கள். மொட்டையும் காதுகுத்தும் உங்கள் பக்கம், அதனால் அது வழக்கம். பக்தி இல்லாவிட்டாலும் செய்யலாம். பார் மிட்ஸ்வா அவர் பக்கம், அதனால் அது மதம்; நம்பிக்கை இல்லாவிட்டால் செய்யக் கூடாது. விளையாட்டு என்று வந்ததும் அதுவே ரத்தம் ஆகிவிட்டது. மதமா இனமா என்று என்னை எதற்குக் கேட்கிறீர்கள்? உங்கள் வீட்டில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது: பையனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டிய இடத்தில் மதம், அவனிடமிருந்து பிடுங்க வேண்டிய இடத்தில் இனம். அப்பா வழிப் பரம்பரையில் அவன் கைக்கு இதுவரை வந்து சேர்ந்தது ஒரு கேலி மட்டும்தான்.

அந்தக் கேலியாவது உண்மையா என்றால், அதுவும் இல்லை. வேறு எந்த ஆட்டத்தைச் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். கூடைப்பந்தா? 1920களிலும் 30களிலும் நியூயார்க், பிலடெல்பியா போன்ற நகரங்களில் அது ஏறக்குறைய யூதப் பையன்களின் ஆட்டமாகவே இருந்தது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழைக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்களில் பேஸ்பாலுக்கு மைதானம் ஏது? ஒரு வளையமும் பந்தும் இருந்தால் போதும், சந்திலேயே ஆடலாம். பிலடெல்பியாவின் 'ஸ்பாஸ்' அணி சட்டையில் எபிரேய எழுத்துகளைப் போட்டுக்கொண்டு ஆடியது. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. தன் வரலாற்றின் முதல் ஆட்டமாகக் கணக்கில் வைத்திருப்பது 1946 நவம்பர் 1 அன்று டொரான்டோவில் நடந்ததை. அதில் முதல் கூடையைப் போட்டவர் நியூயார்க் நிக்ஸ் அணியின் ஆசி ஷெக்ட்மன். யூதர்தான்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? யூதர்கள் இந்த ஆட்டத்தில் கொடிகட்டிப் பறந்த அந்த நாளிலும் சிலர் ரத்தத்தைத்தான் காரணம் காட்டினார்கள். அவர்களுக்குக் குறுக்குப் புத்தி, ஏமாற்றும் சாமர்த்தியம், அதனால்தான் இந்த ஆட்டம் கைவருகிறது என்று நியூயார்க்கின் பிரபல விளையாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர் வெட்கமில்லாமல் எழுதினார். அப்புறம் அந்தக் குடும்பங்கள் படித்து, சம்பாதித்து, நெருக்கடித் தெருக்களை விட்டுப் போனார்கள். வேறு ஏழைப் பிள்ளைகள் வளையத்துக்குக் கீழே வந்து நின்றார்கள். உடனே கதை மாறி, யூதனுக்கு மூளை உண்டு, உடம்பு கிடையாது என்று ஆகிவிட்டது. ஜெயித்தாலும் ரத்தம், ஆடாவிட்டாலும் ரத்தம்!

யூதர்களே இந்த ஜோக்கைச் சொல்லிக்கொள்வார்களே என்பீர்கள். சொல்வார்கள், உங்கள் கணவரும் சொல்லியிருப்பார். சொல்கிறவருக்கு மறுபக்கமும் தெரிந்திருந்தால் அது சிரிப்பு. வியன்னாவின் ஹக்கோவா என்ற யூதர் கால்பந்து அணி 1925-இல் ஆஸ்திரிய லீக்கையே வென்றது தெரிந்திருக்க வேண்டும். 1938-இல் நாஜிகள் அந்தச் சங்கத்தை மூடியதும் தெரிந்திருக்க வேண்டும். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் மார்ட்டி கிளிக்மன், சாம் ஸ்டோலர் என்ற இரண்டு அமெரிக்க ஓட்டக்காரர்களைத் தொடர் ஓட்டப் போட்டி நாள் காலையில் அணியிலிருந்து எடுத்தார்கள். இருவரும் யூதர்கள், கிளிக்மனுக்கு வயது 18. தேர்வு வரைக்கும்கூடப் போகவிடாமல் உங்கள் பையனை நிறுத்தியது வீட்டு ஆட்கள். அவனுக்கு மறுபக்கம் எதையும் யாரும் சொல்லித் தரவில்லை.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மதமா இனமா என்பதற்கு யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில். பாரம்பரிய யூதச் சட்டப்படி தாய் யூதராக இருக்க வேண்டும், இல்லையென்றால் முறைப்படி மதம் மாற வேண்டும். அந்தக் கணக்கில், ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேடிவ் என்ற இரண்டு பிரிவினருக்கும் உங்கள் மகன் யூதன் இல்லை. அமெரிக்க ரிஃபார்ம் பிரிவு 1983-இல் ஒரு முடிவு எடுத்தது: தாய், தந்தை யார் ஒருவர் யூதராக இருந்தாலும் சரி, பிள்ளை யூதனாக வளர்க்கப்பட்டு அதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டால் போதும். உங்கள் மாமியாரின் அவசரத்துக்குக் காரணம் இதுதான். அந்த வெளிப்படையான செயல்களில் முக்கியமானது பார் மிட்ஸ்வா. அவருக்கு அது விருந்து இல்லை, பேரன் தன் குடும்பத்தில் எண்ணப்படுவானா என்ற கேள்வி. இதை நீங்கள் அவரிடம் கேட்டதுண்டா?

இஸ்ரேலின் குடியேற்றச் சட்டத்தில் 1970-இல் செய்த திருத்தத்தின்படி, தாத்தா பாட்டியில் ஒருவர் யூதராக இருந்தாலே அங்கே போய்க் குடியேறலாம். சோவியத் நாட்டில் சாமி கும்பிடாதவனின் பாஸ்போர்ட்டிலும் தேசிய இனம் என்ற இடத்தில் 'யூதர்' என்றே எழுதினார்கள். அதே சமயம், யூதராகப் பிறந்து கத்தோலிக்கத் துறவியான ஓஸ்வால்ட் ரூஃபைசன் என்பவர் யூதர் என்ற உரிமையில் குடியுரிமை கேட்டபோது, 1962-இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. கடவுளை நம்பாத யூதர் யூதர்தான், வேறு மதத்துக்குப் போனவர் அந்தச் சட்டத்துக்கு யூதர் இல்லை. வெறும் மதம் என்றாலும் இது பொருந்தாது, வெறும் இனம் என்றாலும் பொருந்தாது. பியூ ஆய்வு மையத்தின் 2020 கணக்கெடுப்பில் அமெரிக்க யூதப் பெரியவர்களில் 27 சதவீதம் பேர் தங்களுக்கு மதம் இல்லை என்றே சொன்னார்கள். உங்கள் கணவர் ஒன்றும் அதிசயப் பிறவி இல்லை.

நம்பாதவர் எதற்குச் செய்ய வேண்டும் என்ற உங்கள் வாதத்துக்கு நான் பதில் சொல்வதைவிட சாண்டி கோஃபாக்ஸ் சொல்லட்டும். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் பந்து வீச்சாளர். பக்திமான் என்று பெயர் எடுத்தவர் இல்லை. 1965-இல் பேஸ்பால் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் முதல் ஆட்டம், யூதர்களின் மிகப் புனிதமான யோம் கிப்பூர் நோன்பு நாளில் வந்தது. ஆட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அன்று டாட்ஜர்ஸ் 8-2 என்று தோற்றது. ஏழாவது ஆட்டத்தில், இரண்டே நாள் ஓய்வில் வந்து, எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் வீசித் தொடரை வென்று கொடுத்தார். அமெரிக்க யூத வீடுகளில் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்வது அந்த வெற்றிக்காக மட்டுமில்லை, ஆடாத அந்த ஒரு நாளுக்காகவும்தான். நம்பிக்கை எவ்வளவு இருந்தது என்று யாரும் அவரை அளந்து பார்க்கவில்லை. நான் இவர்களைச் சேர்ந்தவன் என்று, செலவாகும் என்று தெரிந்தே, ஊர் பார்க்கச் சொன்னார். நீங்கள் வைத்தீஸ்வரன் கோயிலில் செய்ததும் அதுதானே?

இனி செய்ய வேண்டியது. முதலில் கணவர். 'உன் இஷ்டம்' என்று அவர் சொல்வது பெருந்தன்மை இல்லை, பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. அவருடைய முன்னோர் கதையை மதுரைக்காரியான நீங்கள் சொல்ல முடியாது. கடவுள் இல்லை என்றால் இல்லை என்றே பையனிடம் சொல்லட்டும், ஆனால் தாத்தா எங்கிருந்து வந்தார், ஏன் வந்தார், யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை ஏற்றும் மெழுகுவர்த்தி எதற்கு என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். பெற்றவர் கடமை பள்ளிக் கட்டணத்தோடு முடிவதில்லை.

அடுத்து, சில பிரிவினர் அவனை யூதனாக ஏற்க மாட்டார்கள் என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். சம்மர் கேம்ப்பில் எவனோ ஒருவன் 'உன் அம்மா யூதர் இல்லையே, உன்னைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே' என்று சொல்லி அவன் தெரிந்துகொள்ளக் கூடாது. முகத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு, கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய ஜெப ஆலயம் இன்றும் இருக்கிறது, கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்திலேயே பாட்டுக் கட்டிப் பாடினார்கள் என்று அவன் பதில் சொல்லட்டும்.

பார் மிட்ஸ்வா வேண்டுமா என்று பையனிடம் கேளுங்கள். எபிரேயம் கற்றுக்கொண்டு யூத வேதமான தோராவிலிருந்து ஒரு பகுதியை வாசிக்க மாதக்கணக்கில் உழைக்க வேண்டும், அதனால் இப்போதே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், மாமியாரிடம் உங்கள் கணவர் போய்ச் சொல்லட்டும். வேண்டும் என்றால் முழு மனதோடு செய்யுங்கள். மண்டபமும் விருந்தும் யாரும் விதித்ததில்லை. ஜெப ஆலயத்தில் வாசிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு தட்டு சாப்பாடு போட்டாலே நிறைவுதான். ஆனால் அதற்கு முன்னால், கூடைப்பந்து விஷயத்தில் நீங்கள் இருவரும் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அடுத்த தேர்வுக்கு நீங்களே காரில் கொண்டுபோய் விடுங்கள். அணியில் இடம் கிடைக்காமல் போகலாம், குட்டையாகவோ மெதுவாகவோ இருக்கலாம். அதைப் பயிற்சியாளர் சொல்லட்டும்.

உங்கள் அப்பா அம்மா வருவார்களா என்ற கவலை வேண்டாம். பேரன் விசேஷம் என்றால் வருவார்கள். அவர்கள் கேட்கப் போவது சாப்பாடு சைவமா என்றுதான், சைவமாகவே போடுங்கள், கோஷர் என்ற யூத உணவு விதிகளின் தொல்லையும் பாதி குறையும். விசா நேர்காணலுக்குத் தேதி கிடைப்பதுதான் கஷ்டம், இந்த வாரமே விண்ணப்பியுங்கள்.