டால்கிளிஷா, ஜெரார்டா? – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

ஞாயிற்றுக்கிழமை காலையில் நேதாஜி ஸ்டேடியத்தில் ஆடிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்தால் எங்களுக்குள் வாராவாரம் ஒரே சண்டை: இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து கிளப்பின் வரலாற்றிலேயே பெரிய ஆட்டக்காரர் யார்? என் வயதுக்காரர்களுக்கு ஸ்டீவன் ஜெரார்ட். காலேஜ் படிக்கும் பையன்களுக்கு முகமது சாலா. வாலாஜாவிலிருந்து வரும் என் சித்தப்பா எண்பதுகளில் பத்திரிகைகளில் வந்த கால்பந்துப் படங்களை வெட்டி ஒட்டி வைத்தவர். அவருக்கு கென்னி டால்கிளிஷ் தவிர வேறு யாரும் கிடையாது. "710 மேட்ச் ஆடின ஜெரார்டா, ஆறு லீக் ஜெயிச்ச டால்கிளிஷா?" என்று யாராவது கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. அடுத்த மாதம் 15 பேரும் ஓட்டுப் போட்டு முடிவு செய்வதாக இருக்கிறோம். எதை வைத்து ஒப்பிடுவது? ஓட்டை எப்படி நடத்துவது? உங்கள் ஓட்டு யாருக்கு?

ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள தம்பிக்கு,

என் ஓட்டு டால்கிளிஷுக்கு. உங்கள் சித்தப்பா பக்கம்தான் நிற்கிறேன், ஆனால் அவர் சொல்லும் காரணங்கள் எல்லாவற்றோடும் அல்ல.

முதலில் கேள்வியை ஒரே வரியில் எழுதி எல்லோரிடமும் ஒப்புதல் வாங்குங்கள். இப்போது நீங்கள் மூன்று தரப்பும் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். யாரிடம் திறமை அதிகம் என்பது ஒன்று. யார் கிளப்பை அதிகம் தோளில் சுமந்தார் என்பது இன்னொன்று. யார் வந்ததால் கிளப் தன் உச்சத்தை எட்டியது, அங்கேயே நிலைத்தது என்பது மூன்றாவது. கிளப்பின் வரலாறு என்று பேச ஆரம்பித்தால் மூன்றாவதுதான் பொருத்தமான கேள்வி என்பது என் கட்சி. இரண்டாவது கேள்விதான் எங்களுக்கு முக்கியம் என்று உங்கள் குழு முடிவு செய்தால், ஜெரார்டை யாரும் அசைக்க முடியாது.

அடுத்து எண்கள். எண்பதுகளின் ஸ்ட்ரைக்கர் இயன் ரஷ் 660 ஆட்டத்தில் 346 கோல். சாலா 2025 மே வரை 401 ஆட்டத்தில் 245. ஜெரார்ட் 710-ல் 186. டால்கிளிஷ் 515-ல் 172. ஆட்டத்துக்கு இத்தனை என்று வகுத்தால் சாலா 0.61, ரஷ் 0.52, டால்கிளிஷ் 0.33, ஜெரார்ட் 0.26. இதைப் பார்த்ததும் காலேஜ் பையன்கள் விசிலடிப்பார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. ஜெரார்ட் போன்ற மிட்ஃபீல்டரையும் ரஷ் போன்ற ஸ்ட்ரைக்கரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. பெனால்டி யார் அடித்தார் என்றும் பார்க்க வேண்டும். சாலாவும் ஜெரார்டும் தங்கள் காலத்தில் பெனால்டி அடித்தவர்கள். டால்கிளிஷ் காலத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் பார்த்தவர் ரைட் பேக் ஃபில் நீல். இன்னொன்று, கோல் போட வைத்த பாஸ்களை இன்று எண்ணுவது போல அன்று யாரும் முறையாக எண்ணவில்லை. 2024-25 லீக்கில் சாலா 29 கோல் அடித்து, 18 கோலுக்குப் பாஸ் கொடுத்தார் என்று நம்மால் சொல்ல முடிகிறது. டால்கிளிஷுடைய கணக்கில் அந்த இரண்டாவது எண்ணுக்கான கட்டம் காலியாகவே இருக்கிறது. அவருடைய வேலையில் பாதி அந்தக் கட்டத்துக்குள் வர வேண்டியது.

காலமும் வேறு. 1992 வரை டிஃபெண்டர் பந்தைப் பின்னால் தள்ளினால் கோல்கீப்பர் கையால் எடுத்துக்கொள்ளலாம். பின்னாலிருந்து வரும் டேக்கிளுக்கு இன்றைய கண்டிப்பு கிடையாது. குளிர்காலத்தில் ஆடுகளம் சேறாகிவிடும். டெர்பி கவுண்டியின் பேஸ்பால் கிரவுண்ட் அதற்குப் பேர் போனது. பாலாற்று மணலில் பந்து ஆடியவர்களுக்கு இது புரியும். பந்து உருளாது, ஓடி மிரட்டும் ஆட்டம் எடுபடாது. பந்தைக் காலடியில் நிறுத்தி, உடம்பை நடுவில் வைத்து மறைக்கத் தெரிந்தவனே அங்கே ஆட முடியும். டால்கிளிஷின் தனித்திறமை அதுதான். கோலுக்கு முதுகு காட்டி பந்தை வாங்குவார், இடுப்பால் டிஃபெண்டரை ஒதுக்கி வைப்பார், யார் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்பதைத் திரும்பாமலே அறிந்து பாஸ் கொடுப்பார்.

ஜெரார்டின் கட்சியைக் குறைத்துப் பேசி ஜெயிக்க நான் விரும்பவில்லை. 2005-ல் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் ஏசி மிலானிடம் இடைவேளையில் 0-3. 54-வது நிமிடம் அவர் ஹெடர். 56-ல் ஸ்மிட்சர். பிறகு மிலானின் கட்டூஸோ ஜெரார்டை வீழ்த்தியதால் கிடைத்த பெனால்டி, தடுக்கப்பட்டுத் திரும்பி வந்த பந்தை 60-ல் அலோன்ஸோ உள்ளே அடித்தார். எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இந்த ஆறு நிமிடத்தை. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது கூடுதல் நேரத்தில் அவர் செய்தது: மிலானின் செர்ஜினியோ இடது ஓரத்தில் ஓடி ஓடி கிராஸ் போட்டுக்கொண்டிருந்தார், அவரை மறிக்க கேப்டன் ரைட் பேக் இடத்துக்கு இறங்கி ஆடினார். ஒரே ஆட்டத்தில் மூன்று வேலை. அடுத்த ஆண்டு எஃப்.ஏ. கோப்பை ஃபைனலில் வெஸ்ட் ஹாமுக்கு எதிராக இரண்டு கோல், அதில் ஒன்று முழுநேரம் முடிந்து நீட்டித்த நிமிடங்களில் வெகுதூரத்திலிருந்து அடித்து 3-3 ஆக்கியது.

2014-ல் செல்சிக்கு எதிரான ஆட்டத்தில் ஜெரார்ட் கால் வழுக்கி விழுந்து கோல் வாங்கியதால்தான் லீக் போனது என்று பழி சுமத்துபவர்களிடம் சில எண்களைச் சொல்லுங்கள். அந்த சீசனில் லிவர்பூல் 38 ஆட்டத்தில் 101 கோல் அடித்தது, 50 கோல் வாங்கியது. மான்செஸ்டர் சிட்டி 86 புள்ளி, லிவர்பூல் 84. செல்சியிடம் தோற்றதற்கு அடுத்த ஆட்டத்தில் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக 3-0 முன்னிலையை விட்டு 3-3. கோப்பை கைநழுவியது ஓட்டையான டிஃபென்ஸால். ஒரு கால் வழுக்கியதால் மட்டும் அல்ல.

அப்படியானால் டால்கிளிஷ் ஏன்? 1977-ல் லிவர்பூல் லீக்கையும் முதல் ஐரோப்பியக் கோப்பையையும் வென்ற கையோடு முன்வரிசை நட்சத்திரம் கெவின் கீகன் 5 லட்சம் பவுனுக்கு ஹாம்பர்க் போய்விட்டார். உச்சியில் இருக்கும் அணி தன் முக்கிய ஆட்டக்காரனை இழந்தால் வழக்கமாக இரண்டு மூன்று வருடம் தடுமாறும். கிளப் செல்டிக்கிலிருந்து 4,40,000 பவுனுக்கு டால்கிளிஷை வாங்கி அதே ஏழாம் எண் சட்டையைக் கொடுத்தது. முதல் சீசனிலேயே லீக்கில் 20 கோல். 1978 மே மாதம் வெம்ப்ளியில் கிளப் ப்ரூஜுக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பை ஃபைனலில் ஒரே கோல் அவருடையது. மிட்ஃபீல்டர் சூனஸ் பந்தை டால்கிளிஷுக்குத் தள்ளிக் கொடுத்தார். கோல்கீப்பர் முன்னால் வந்து விழும்வரை டால்கிளிஷ் ஒரு கணம் பொறுத்து, அவர் மேலாகத் தூக்கிப் போட்டார்.

"சுற்றிலும் நல்ல ஆட்கள் இருந்தார்கள்" என்பது எதிர்க்கட்சியின் வலுவான வாதம். உண்மைதான். 1978-79-ல் 42 லீக் ஆட்டத்தில் 16 கோல் மட்டுமே வாங்கிய அணி அது. ஆனால் யார் எப்போது போனார்கள் என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். கோல்கீப்பர் கிளமென்ஸ் 1981-ல் போனார். சூனஸ் 1984-ல் போனார். முன்வரிசையில் டால்கிளிஷின் கூட்டாளியாக இருந்த டேவிட் ஜான்சன் 1979-80 லீக்கில் 21 கோல் அடித்தார். ரஷ் வந்ததும் 1983-84-ல் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 47. கூட்டாளி மாறினாலும் கோல் குறையவில்லை, லீக் பட்டமும் 1979, 80, 82, 83, 84 என்று வந்துகொண்டே இருந்தது. டிஃபெண்டர் ஹான்சனும் அத்தனை வருடமும் இருந்தாரே என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி, அவரும் பட்டியலில் இடம் பெறத் தகுதியானவர். ஆனால் அந்த அணியின் தாக்குதல் டால்கிளிஷின் காலைத் தொட்டுத்தான் போனது.

1985-86-ல் ஆடிக்கொண்டே மேனேஜராகவும் இருந்தார். கடைசி 12 லீக் ஆட்டங்களில் கிடைக்கக்கூடிய 36 புள்ளியில் 34 எடுத்தது அணி. செல்சியின் மைதானமான ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் பந்தை நெஞ்சில் வாங்கி, கீழே விழுமுன் அடித்த கோலால் லீக்கை முடித்துவைத்தார்.

சித்தப்பா ஹில்ஸ்பரோவையும் சொல்வார். அந்த மைதானத்தில் நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்களின் உயிர் போன 1989 துயரத்தில் டால்கிளிஷ் குடும்பங்களோடு நின்ற விதம் மகத்தானது. ஆனால் அது மேனேஜராக, மனிதராக அவர் செய்தது. 1988, 1990 லீக் வெற்றிகளைப் போலவே, ஆட்டக்காரர் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

ஓட்டுக்கு முன் துண்டு வீடியோக்களை ஒதுக்கிவிட்டு, 1978, 2005 ஃபைனல்களை முழுதாகப் பாருங்கள். 15 நிமிடம் பந்தை விட்டுவிட்டு ஒருவரை மட்டும் கவனியுங்கள். தாளில் மூன்று பத்தி: பின்னால் ஆள் நிற்கும்போது பந்து வாங்கியது, அதை இழக்காமல் வைத்திருந்தது, அடுத்த பாஸை முன்னோக்கிக் கொடுத்தது. பழைய ஒளிபரப்பில் கேமரா பந்தின் பின்னாலேயே போகும். பந்தில்லாமல் ஓடிய ஓட்டம் தெரியாது. அதனால் பந்து காலில் இருக்கும் நேரத்தை மட்டும் எண்ணுங்கள்.

ஆளுக்கு ஒரு ஓட்டு என்று வைத்தால் கெடும். ஜெரார்டுக்கு 6, சாலாவுக்கு 5, டால்கிளிஷுக்கு 4 என்று வந்தால், மீதி 9 பேர் கடைசியில் வைத்தவர்கூட ஜெயித்துவிடலாம். இருவர் இருவராக மோத விடுங்கள். ஐந்து பெயருக்கு 10 ஜோடி. 15 பேரும் எல்லா ஜோடிக்கும் ஓட்டுப் போட்டால் சமனே வராது. மற்ற நால்வரையும் வென்றவர் முதலிடம். ஒருவரை ஒருவர் வட்டமாக வென்று யாரும் தனியாக முன்னுக்கு வராவிட்டால், அந்த வட்டத்தில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் முடிந்த ஜோடியின் முடிவை விட்டுவிடுங்கள். கையைத் தூக்கச் சொல்லாதீர்கள், சீட்டில் எழுதச் சொல்லுங்கள். சித்தப்பா எதிரில் பையன்கள் தயங்குவார்கள்.

நான்கு பெயர் உங்களிடம் இருக்கிறது, ரஷ்ஷையும் சேர்த்து. ஐந்தாவதாக பில்லி லிடெலை எழுதுங்கள். பதின்ம வயதில் கிளப்புக்கு வந்தவர்; உலகப் போர் குறுக்கிட்டதால் முதல் அதிகாரபூர்வ ஆட்டத்துக்கு 1946 வரை காத்திருந்தார். 1954-ல் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய பிறகும் விட்டுப் போகவில்லை. 534 ஆட்டம், 228 கோல், ஒரே ஒரு லீக் பட்டம். வெல்வது கடினம்தான், ஆனால் ஜெரார்ட் கட்சிக்காரர்கள் "தோளில் சுமந்தவர்" என்ற வாதத்தை எடுக்கும்போது, லிடெலோடு மோதும் அந்த ஒரு ஜோடியில் அவர்கள் தங்கள் வாதத்தையே எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.